நாலாவது எலுமிச்சம்பழம்

சென்ற வாரம் ஒரு காலை, அலுவலகத்துக்குக் கிளம்பி எங்கள் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்டுக்கு இறங்கினேன். லிப்ட் கதவு திறந்ததுமே எலுமிச்சை வாசனை வந்தது. சாதம் கிளறும்போது வருகிற வாசனை இல்லை. சக்கரத்தில் நசுங்கி, தோலும் விதையும் சிமெண்டுத் தரையோடு அரைபட்ட எலுமிச்சையின் வாசனை. கூடவே புது ரப்பரும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு நெடி. மூன்றாம் மாடியில் இருக்கும் இளம் தம்பதி புது வண்டி எடுத்திருக்கிறார்கள். அவள் ஸ்டியரிங் பிடித்து மெல்ல எலுமிச்சை மேல் ஏற்ற, அவன் எதிரே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "ஆண்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றான். தள்ளிக்கொண்டேன். ஆண்ட்டி என்றதை மட்டும் மறக்கப் போவதில்லை.

அவன் படத்தைப் போட்டுக் காட்டினான். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் பாட்டுக்கு, "முன் சக்கரம் சரி, பின் சக்கரத்துக்கு வைக்கலையா? நாலு வைக்கணும்" என்று சொல்லிவிட்டேன். இருவரும் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்திருப்பார்கள். என் பிழைப்பே ஒரு காலத்தில் அந்த நாலு எலுமிச்சைதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பெங்களூர் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு கார் ஷோரூமில்தான் எனக்கு முதல் வேலை. ரிசப்ஷனிஸ்ட் என்று எடுத்தார்கள். சேர்ந்த வாரமே மேனேஜர் மஞ்சுநாத் சார் கூப்பிட்டு, டெலிவரிக்கு வேண்டிய பூஜை சாமான்களையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எலுமிச்சை, கற்பூரம், தேங்காய், குங்குமம், ஊதுவத்தி, பூ. பெண் பிள்ளை, இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் நினைப்பு. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் வீடு மர்பி டவுனில். கூடத்தில் மாட்டியிருந்தது புத்தர் படம். எங்கள் வீட்டில் எலுமிச்சை என்றால் ஊறுகாய், வெயில் காலத்தில் ஜூஸ், அவ்வளவுதான். நாள் நட்சத்திரம் பார்க்கிற பழக்கமே கிடையாது. காலண்டரில் ராகுகாலம் அச்சடித்திருக்கும் இடத்தில் அம்மா எந்தெந்த நாள் பால் வரவில்லை என்று பென்சிலால் கோடு போட்டு வைப்பாள்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் நான் விட மாட்டேன். மூன்று மாதத்தில் பெங்களூரில் எந்த வீட்டுக்காரர் வண்டிக்கு என்ன செய்வார் என்பது எனக்கு அத்துப்படி. தமிழ்க் குடும்பம் என்றால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை. கன்னடக் குடும்பங்களில் சிலருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும். மார்வாடி வீட்டம்மா பானெட்டில் குங்குமத்தால் ஸ்வஸ்திக் போட்டுவிட்டுத்தான் கணவரைக் கிட்டே விடுவார். ஃப்ரேசர் டவுனிலிருந்து வரும் பாய் குடும்பம் ஸ்வீட் பாக்ஸோடு வந்து எங்களுக்கும் கொடுத்துவிட்டு பிஸ்மில்லா சொல்லிக் கிளப்பிக்கொண்டு போகும். விவேக் நகர் கத்தோலிக்கக் குடும்பம் ஷோரூமில் ஒன்றும் செய்யாது, நேராகக் குழந்தை ஏசு கோயிலுக்கு விட்டு ஃபாதரைத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லும். நிறையப் பேர் சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டார்கள், நம் ஆடி மாதிரியான ஆஷாடத்தில் எதையுமே வாங்க மாட்டார்கள். கறுப்பு வண்டியைப் பிள்ளைகள் கேட்கும், பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆயுத பூஜை வந்தால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. சிட்டி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சை மூட்டையாகவே வந்து இறங்கும்.

இத்தனை விதமான சடங்கு இருந்தாலும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லா மதமும் எல்லா மொழியும் ஒற்றுமையாக இருந்ததை நான் கவனித்தேன். சாவியை ஆண் கையில்தான் கொடுக்க வேண்டும். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்று எங்களிடம் இருந்தது, போட்டோவுக்காக. அந்த அட்டைச் சாவியைக்கூட அப்பா பிடிப்பார், மகன் பிடிப்பான், மாப்பிள்ளை பிடிப்பார். அம்மா ஓரமாக நின்று தட்டைப் பிடிப்பாள்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா டிரைவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் என் பிறப்புக்கு முன்பிருந்தே வண்டி ஓட்டியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். அம்மா கார்மெண்ட்ஸ் வேலை முடித்து வந்து அதைத் துவைத்து, சொட்டு நீலம் போட்டுக் காயவைப்பாள். எங்கள் வீட்டுக் கொடியில் எப்போதும் ஒரு ஜோடி வெள்ளை தொங்கும். அப்பா வீட்டுக்குள் வந்தால் கார் பாலிஷ் வாசனை முதலில் வரும், அப்புறம்தான் அவர் வருவார். அந்த வாசனையை நான் ரொம்பப் பணக்கார வாசனை என்று நினைத்திருந்தேன். பள்ளியில் ஒருத்தி, "உங்க வீட்ல காரா?" என்று கேட்டதற்கு, "ஆமா, அப்பாதான் ஓட்டுவாரு" என்று சொன்னேன். பொய் இல்லையே!

அப்பாவுக்கு ஒரு வினோதமான பழக்கம். காரில் பின் சீட்டில் உட்காரவே மாட்டார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வாடகை அம்பாசடரில் நாங்கள் பின்னால் ஒருவர் மடியில் ஒருவராக நசுங்கிக்கொண்டு போவோம். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில்தான். "பின்னாடி உக்காந்தா எனக்குத் தல சுத்தும்மா" என்பார். ஆட்டோவில் வேறு வழியில்லாமல் பின்னால் உட்கார்ந்தாலும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, எப்போது இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டே வருவார். எத்தனையோ வருடம் நானும் அதை உடம்புக் கோளாறு என்றே நம்பினேன். அம்மாகூட அவருக்காக ஊறுகாய்த் துண்டு ஒன்றைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவாள்.

இன்னொரு பழக்கம், கதவு. எந்தக் கார் பக்கத்தில் நின்றாலும் அவர் கை தானாகப் பின் இடது கதவுக்குப் போய்விடும். அதுதான் முதலாளி ஏறும் கதவு. திறந்து பிடித்துக்கொண்டு, சற்றே குனிந்து, ஏறுகிறவரின் தலை மேலே இடிக்காமல் உள்ளங்கையைக் கூரை ஓரத்தில் வைத்திருப்பார். டாக்டர் வீட்டில் குழந்தைக்கும் அப்படித்தான், டாக்டருக்கும் அப்படித்தான். அவர் டாக்டரை அப்படி ஏற்றுவதை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, டாக்டர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் வாங்கப் போனபோது. எனக்கு அது ரொம்ப அழகாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து தம்பியை வைத்து நடித்துப் பார்த்தேன்.

ஷோரூமுக்குத் திரும்புகிறேன். எலுமிச்சை இன்சார்ஜாக இருந்த நான் சேல்ஸுக்குப் போனதே ஒரு டீச்சரால்தான். காக்ஸ் டவுனிலிருந்து மேரி டீச்சர் என்று ஒருவர் தனியாக வந்தார். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. சேல்ஸ் பையன்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "சார் எப்ப வருவாரு மேடம்?" என்று கேட்டார்கள். இன்னொருவன் வந்து அதையே கேட்டான். டீச்சர் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். நான் வாசலுக்கு ஓடிப்போய், "டீச்சர், வண்டிய நீங்கதானே ஓட்டப் போறீங்க?" என்றேன். நின்றார். "இத முதல்ல கேக்கறதுக்கு இங்க ஒருத்தருக்கும் வாய் வரலையா?" என்றார். அன்றே புக் செய்தார். டெலிவரி அன்று பழக்க தோஷத்தில் நான் எலுமிச்சை வைத்துவிட்டேன். ஐயோ, கிறிஸ்தவர் ஆயிற்றே என்று எடுக்கக் குனிந்தால், "இருக்கட்டும், வச்சத எதுக்கு எடுக்கற? ரெண்டு சாமியும் சேந்து பாத்துக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு மஞ்சுநாத் சார் என்னை சேல்ஸில் போட்டார். ஷோரூமிலேயே சேல்ஸில் இருந்த ஒரே பெண் நான். எலுமிச்சை வேலையும் கூடவே இருந்தது, அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை! யார் வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். வண்டியை யார் ஓட்டுவீர்கள், யார் எங்கே உட்காருவீர்கள், வண்டி யார் பேரில்? கன்னடக்காரர்களிடம் "காடி யாரு ஓடிஸ்தாரே?" என்று ஆரம்பிப்பேன். மைலேஜ், இன்ஜின் எல்லாம் அப்புறம். ஆண்கள் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பலருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனாலும் பார்க்க வேண்டும். நான் அந்த நேரத்தில் பெண்களைத் தனியாக அழைத்துப்போய், "உங்களுக்கு என்ன வேணும்?" என்பேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். சேலைத் தலைப்பு கதவில் மாட்டக் கூடாது. முட்டி வலிக்கிறது, வண்டி ரொம்பத் தாழ்வாக இருக்கக் கூடாது. ஹேண்ட்பேக் வைக்க இடம் வேண்டும், மடியிலேயே வைத்துக்கொண்டு எத்தனை வருடம் போவது? கண்ணாடியை நானே இறக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அவரிடம் கேட்க முடியாது. இதையெல்லாம் கேட்டுக்கேட்டே நான் அந்த ஷோரூமில் அதிகம் விற்கிறவள் ஆனேன். பெருமைதான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

இதற்கிடையில் எனக்கு ஒரு வரன் வந்தது. கே.ஜி.எஃப். குடும்பம், எங்கள் ஜனம்தான். பையன் ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பையனுடைய அம்மா நல்ல மாதிரி, சிரித்த முகம். "நாங்க எதுவும் கேக்கலம்மா. நகை வேணாம், சீர் வேணாம். பொண்ணு ஆபீஸ் போய்வர ஒரு வண்டி மட்டும். அதுவும் அவளுக்குத்தானே!" என்றார். கார் கம்பெனியில் வேலை செய்கிற பெண், சலுகையில் கிடைக்கும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடன் என் பேரில் எடுப்பதாகப் பேச்சு. அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா தலையாட்டினார். நல்ல இடம், எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. நானும் சும்மா இருந்தேன். வாடிக்கையாளரிடம் மணிக்கணக்காகப் பேசும் வாய், சொந்த விஷயத்தில் அடைத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் வண்டி பார்க்க வந்தார்கள். எங்கே? என் ஷோரூமுக்கேதான். நான் டியூட்டியில், சின்தடிக் புடவையும் பேட்ஜும் போட்டுக்கொண்டு நிற்கிறேன். மஞ்சுநாத் சார் கிட்டே வந்து, "ஏனம்மா, நிம்ம கடெயவரா?" என்று கண்ணைச் சிமிட்டினார். நம்ம பக்கத்து ஆட்கள்தான் சார் என்றேன். ஆக, என்னைப் பெண் பார்த்தவர்களுக்கு நானே கார் காட்டினேன். இப்படி ஒரு கூத்து வேறு யாருக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

"வெள்ளையா இருக்கணும். பெருசா, டிக்கி பின்னாடி தனியா நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் கார் மாதிரி இருக்கும்" என்றார் பையனின் அம்மா. நடு ஹாலில் நின்ற வெள்ளை வண்டியைக் காட்டினேன். அவர் அதை நோக்கி நடந்தார். அப்போதுதான் அது நடந்தது. அப்பா எனக்கு முன்னால் போய்ப் பின் இடது கதவைத் திறந்து பிடித்தார். சற்றே குனிந்தார். உள்ளங்கை கூரை ஓரத்துக்குப் போனது. அந்த அம்மாவும் ஏதோ காலமெல்லாம் அப்படி ஏறிப் பழகியவர் போல ஏறி உட்கார்ந்தார். சின்ன வயதில் எனக்கு அழகாகத் தெரிந்த அதே அசைவு. அன்றைக்கு அது எனக்கு அழகாகத் தெரியவில்லை.

என்ன பேசுவது என்று தெரியாமல் என் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். "வண்டிய யாரு ஓட்டுவீங்க?"

பையன் அவன் அம்மாவைப் பார்த்தான். "அவனுக்குத் தெரியாதும்மா. கத்துக்குவான்" என்றார் அவர் உள்ளேயிருந்து. "அதுவரைக்கும் இன்னா கவலை, சம்பந்திதான் இருக்காரே, கைதேர்ந்தவரு."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார், இன்றும் எனக்கு அதில் சந்தேகமில்லை. அப்பாவும் சிரித்தார். கதவை விடவில்லை.

"யாரு எங்க உக்காருவீங்க?" என்றேன். "நான் இங்கியே உக்காந்துக்கறேன், இது வசதியா இருக்கு." "வண்டி யார் பேர்ல?" "தம்பி பேர்லதான். வேற யார் பேர்ல?"

அம்மா முன் சீட்டின் தையலைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். கார்மெண்ட்ஸ்காரி, எந்தத் துணியைப் பார்த்தாலும் கை முதலில் தையலுக்குத்தான் போகும். நீவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"கடன் எம்பொண்ணு கட்டுவா. பேரு தம்பி பேரு. ஓட்டறது இவரு. பின்னாடி நீங்க. எம்பொண்ணு எங்க உக்காருவா?"

பையன் ஒரு பேச்சுக்காவது வாயைத் திறப்பான் என்று நான் பார்த்தேன். அவன் ப்ரோஷரைத் திருப்பிக்கொண்டிருந்தான். மஞ்சுநாத் சார் எல்லோருக்கும் பாதாம் பால் வரவழைத்தார். குடித்தார்கள். "நாள் பாத்துச் சொல்றோம்" என்று பையனின் அம்மா கிளம்பினார். நாளே பார்க்காத ஜனங்கள் நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றபோதே எனக்கு விஷயம் முடிந்துவிட்டது தெரிந்தது.

முடிந்தும்விட்டது. தெருவில் நாலு விதமாகப் பேசினார்கள். ஒரு காருக்காக நல்ல இடத்தைத் தட்டிவிட்டாள் என்றார்கள். அந்த மாதத்திலேயே நான் எனக்காக ஒரு சின்ன வண்டி புக் செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோபத்திலும் சில நல்ல காரியம் நடக்கும். உடனே அறிவுரை குவிந்தது. பொம்பளப் பிள்ளைக்கு ஸ்கூட்டி போதாதா என்றார் பக்கத்து வீட்டு மாமா. "ஸில்வர் தகோ, ரீசேல் சென்னாகிருத்தே" என்றார் மஞ்சுநாத் சார், வெள்ளி நிறம் எடுத்தால் விற்கும்போது நல்ல விலை வருமாம். எல்லோரும் விற்கும்போது என்ன கிடைக்கும் என்று கவலைப்பட்டார்கள், நான் விற்கவா வாங்குகிறேன்? எனக்கு நீலம்தான் வேண்டும். ஏப்ரல் பதினாலு ஊர்வலத்துக்கு எங்கள் தெரு முழுக்கக் கொடி கட்டுவோமே, அந்த நீலம். அம்மா மட்டும் கலர் அட்டையைப் பார்த்துவிட்டு, "எடு, அப்பா சட்டைக்குப் போட்டுப் போட்டு எனக்குப் பழகின நீலந்தான்" என்றாள்.

அப்பாதான் சரியாகப் பேசவில்லை. வரன் தவறிப்போனது காரணமில்லை. நான் ஸ்டாக்யார்டில் வண்டி நகர்த்தி நகர்த்தியே ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கியிருந்தேன். அவருக்குச் சொல்லவில்லை. லைசென்ஸைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "போட்டோ நல்லால்ல" என்றார். பிறகு சொன்னார்: "நான் ஓட்டினது பத்தாதாம்மா? நீ பின்னாடி உக்காந்து போவணும்னுதான் உன்னப் படிக்க வச்சேன். நீயும் வந்து அந்த சீட்லயே உக்காரணுங்கறியே."

எனக்கு அது சுரீரென்றது. எனக்கு ஸ்டியரிங் என்றால் என் இஷ்டத்துக்குத் திரும்புகிற சுதந்திரம். அவருக்கு அது இன்னொருவர் சொல்கிற பக்கம் திரும்புகிற சீட். ஒரே வண்டி, ஒரே வீடு, ஆளுக்கொரு அர்த்தம். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொன்னால் அவருடைய இத்தனை வருட உழைப்பைக் குறைத்துச் சொன்னது போல ஆகிவிடும். லைசென்ஸைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தேன். என் வண்டியில் அவர் எங்கே உட்காருவார் என்பதுதான் டெலிவரி நாள் வரை எனக்குப் பெரிய கவலை. முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து மகள் டிரைவர் ஆனதைப் பார்த்துக்கொண்டு வருவாரா, அல்லது பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்பாரா?

டெலிவரியை ஒரு சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஷோரூம் காலியாக இருக்கும், எனக்கும் அரை நாள் லீவு கிடைக்கும். மஞ்சுநாத் சார் பதறிவிட்டார். "ஆஷாடா, ஷனிவாரா, ராகுகாலா... மூரூ ஒட்டிகேனா?" என்று தலையில் கை வைத்தார். மூன்றும் சேர்ந்தேதான் சார் என்றேன். எத்தனையோ வண்டிகளுக்கு எலுமிச்சை வைத்த நான், என் வண்டிக்கு வைக்கவில்லை. அவரால் பொறுக்க முடியவில்லை. தானே என் இழுப்பறையைத் திறந்து, நாலு பழம் எடுத்து, தொந்தியைத் தூக்கிக்கொண்டு குனிந்து நாலு சக்கரத்துக்கும் வைத்தார். "இது நினகல்லா. நன்ன சமாதானக்கே" என்றார். உனக்கில்லை, என் மன ஆறுதலுக்கு. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. "நல்ல பழம், எதுக்கு சார் வீணா நசுக்கணும்?" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் பையில் போட்டாள். மூன்று எடுத்தாள். நாலாவது பின் இடது சக்கரத்துக்கு அடியில் உள்வாங்கிக் கிடந்தது, கை எட்டவில்லை. மஞ்சுநாத் சார் முகத்தில் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பு.

பிறகு சாவி. அத்தனை வருடம் பழகிய மஞ்சுநாத் சாரின் கை, என்னை விட்டுவிட்டு நேராக அப்பாவிடம் சாவியை நீட்டியது. அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் போடும் கோடு போட்ட சட்டை. சாவியோடு வண்டியைச் சுற்றி வந்தார். ஓட்டப் போகிறாரோ என்று நினைத்தேன். ஓட்டுநர் கதவைத் தாண்டி நடந்தார். பின் இடது கதவைத் திறந்தார். சரி, அம்மாவை ஏற்றப் போகிறார் என்று அம்மாவும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டே போனாள்.

அப்பா சாவியை என் பக்கம் நீட்டினார். "புடி. நீ ஓட்டு."

அப்புறம் அவரே ஏறி உட்கார்ந்தார். பின் சீட்டில், இடது பக்கம். விளிம்பில் இல்லை. நன்றாகச் சாய்ந்து.

அம்மா தூக்கிப் பிடித்த சேலையைக் கீழே விட்டாள். "அப்பா, பின்னாடி உக்காந்தா உங்களுக்குத் தல சுத்துமே?" என்றேன்.

"மத்தவங்க வண்டியிலதாம்மா சுத்தும்" என்றார்.

நான் முன்னால் ஏறினேன், அம்மா என் பக்கத்தில். கிளட்சை விட்டதும் பின்னால் சதக்கென்று ஒரு சத்தம். நாலாவது எலுமிச்சை. திறந்திருந்த கண்ணாடி வழியாக அந்த வாசனை புது சீட்டின் வாசனையோடு சேர்ந்து உள்ளே வந்தது. அல்சூர் ஏரி ஓரமாக, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் மெதுவாக ஓட்டினேன். வழியெல்லாம் பின்னாலிருந்து ஒரு வார்த்தை இல்லை. "கியர் மாத்து" இல்லை, "பிரேக் போடு" இல்லை. முதலாளிகள் அப்படித்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? கண்ணாடியில் பார்த்தேன். கண் ஏரிப் பக்கம் இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

மர்பி டவுனில் தெருவே கூடிவிட்டது. வண்டியை நிறுத்தினேன். அம்மா இறங்கிவிட்டாள். அப்பா இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார், நேராகப் பார்த்துக்கொண்டு. எனக்குப் புரிந்தது. இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், பின் இடது கதவைத் திறந்தேன். சற்றே குனிந்து, உள்ளங்கையைக் கூரை ஓரத்தில் வைத்தேன். என் அப்பா தலை இடிக்காமல் இறங்கினார். அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக என் வாழ்க்கையில் வேறெதையும் நான் வைக்க மாட்டேன். அன்று மத்தியானம் மிச்ச மூன்று பழத்தில் அம்மா தெருவுக்கே ஜூஸ் போட்டாள், தண்ணீர்தான் ஜாஸ்தி.

இப்போது அந்த ஷோரூம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. மஞ்சுநாத் சார் ஓய்வு பெற்று மகனோடு மைசூர் போய்விட்டார். எனக்கும் கல்யாணம் ஆனது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கமும் கிடையாது, அதனால்தான் கட்டிக்கொண்டேன். நீல வண்டி வயதாகிப் பழைய இரும்புக்குப் போனது. டாக்டர் வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். பின் கதவைத் திறந்து பிடிக்கிற வெள்ளைச் சட்டை டிரைவர்களையும் அதிகம் காணோம். வாடகைக் காரில் ஏறுகிறவர்கள் தாங்களே திறந்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். மூன்றாம் மாடிப் பெண் மாதிரி, தன் சாவியைத் தானே வாங்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். எங்கள் அட்டைச் சாவி எந்தக் குப்பையில் கிடக்கிறதோ, போகட்டும், அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

அப்பா போனதுதான் வருத்தம். கடைசி வரை என் வண்டியில் அவருக்கு அந்த இடம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அங்கேதான், சாய்ந்து. அதற்குப் பிறகு நான் வேறு வண்டி வாங்கிவிட்டேன், அவர் அதில் ஏறியதே இல்லை. ஆனாலும் தோளில் பையோடு பேஸ்மெண்டில் இறங்கும்போது, ஒரு யோசனையும் இல்லாமல் சுற்றிப் போய்ப் பின் இடது கதவைத் திறந்துவிடுகிறேன். சென்ற வாரம் அந்த எலுமிச்சை வாசனை வந்த அன்று மாலையும் அப்படித்தான் திறந்தேன், உள்ளங்கைகூடக் கூரை ஓரத்துக்குப் போய்விட்டது. உள்ளே யாருமில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சத்தம் வராமல் சாத்தினேன்.